அர்ச்சின்: முள்ளெலியா, தெருப்பையனா?

கேள்வி, மார்ச் 14

'அர்ச்சின்' என்றால் கிழிந்த சட்டையோடு தெருவில் திரியும் பையன் என்று பள்ளியில் படித்தேன். கடல் ஆராய்ச்சியில் இருக்கும் என் மைத்துனர் 'சீ அர்ச்சின்' என்றால் கடல் முள்ளெலி என்கிறார். பையனுக்கும் முள்ளுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் வேறு வேறு சொல்தானே? பரோட்டா பந்தயம் வைத்திருக்கிறோம், சீக்கிரம் சொல்லுங்கள்.

மார்ச் 14, இரவு 9.50

பரோட்டா வாங்கிக் கொடுங்கள். ஒரே சொல்.

அர்ச்சினுக்கு முதல் பொருள் முள்ளெலி. லத்தீனில் எரிசியஸ். அது பழைய பிரெஞ்சுக்குள் போய் உருமாறி, நார்மன்காரர்களோடு இங்கிலாந்தில் இறங்கி அர்ச்சின் ஆனது. முள்ளெலிக்கு இன்று வழங்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற பெயர் பிற்பாடு வந்தது. 15ஆம் நூற்றாண்டில் உள்ளூர்க்காரர்கள் ஒட்டுப்போட்டுச் செய்த பெயர்: வேலியோரத்துப் பன்றி. புதியவன் வந்ததும் பழையவனுக்கு வேலை போனது. வேலை போன சொல் சும்மா இருக்குமா? முதலில் குட்டிப் பேயானது. முள்ளெலி உருவத்தில் வந்து ஆளைப் படுத்தும் என்று நம்பினார்கள். ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் காலிபனுக்கு மிரட்டலாகச் சொல்லப்படுபவை இந்த அர்ச்சின்கள்தான். அப்புறம் குறும்புப் பையன், அப்புறம் கந்தல் பையன். கடலுக்குள் போனது மட்டும் முள்ளைக் கைவிடவில்லை.

இதிலிருந்து எனக்கு ஒரு விதி தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ஒரு விலங்கின் பழைய பெயர் செத்தால், மனிதனைத் திட்டும் சொல்லாகத்தான் மறுபடி பிறக்கிறது. விலங்கு தப்பித்துக்கொள்கிறது, பழி நம் தலையில். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 15

மைத்துனர் நான்கு பரோட்டா சாப்பிட்டாராம். நல்லது.

மார்ச் 16

ஷ்ரூ பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். "பெண்களைத் திட்டுகிற சொல் அல்லவா?"

ஷ்ரூ என்பது நம் மூஞ்சூறு, பிள்ளையாரின் வாகனம். எலி மாதிரி இருக்கும், எலி இல்லை. நீண்ட மூக்கு, கெட்ட வாடை. பூனை கொல்லும், தின்னாது. எங்கள் வீட்டில் அது சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடினால், "போகட்டும், பிள்ளையார் அவசரமா எங்கயோ கிளம்பிட்டார்" என்று ஆச்சி விளக்குமாற்றைக் கீழே வைத்துவிடுவாள். இங்கிலாந்து மூஞ்சூற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாட்டின் மேல் மூஞ்சூறு ஓடினால் ஓடிய இடம் முடங்கிப்போகும் என்பது அங்கே கிராமத்து நம்பிக்கை. அதற்கு மருந்தையும் அதை வைத்தே செய்தார்கள். ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற சிற்றூரில் இருந்த கில்பர்ட் ஒயிட் என்னும் பாதிரியார், 1789இல் வந்த தம் ஊர்ப் புத்தகத்தில் செய்முறையைக் குறித்து வைத்திருக்கிறார். ஆஷ் மரத்தின் அடியில் ஆழமாக ஒரு துளை. உயிரோடு ஒரு மூஞ்சூற்றைப் பிடித்து உள்ளே தள்ளி, துளையை அடைத்துவிட வேண்டும். பிறகு அந்த மரத்தின் குச்சியால் மாட்டை மெல்லத் தடவினால் வலி தீரும். ஒருமுறை செய்துவைத்தால் மரத்துக்கு அந்தச் சக்தி போகவே போகாது. செல்போர்ன் தேவாலயத்தின் பக்கத்தில் அப்படி ஒரு கிழட்டுப் பொந்து மரம் நின்றதாம். முந்தைய பாதிரியார் அதை வெட்டி எரித்தபோது சுற்றி நின்றவர்கள் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார்கள். மரத்துக்காகத்தான் கெஞ்சினார்கள், மூஞ்சூற்றுக்காக இல்லை.

இவ்வளவு பயம் சுமந்த பெயர் ஆள் மேல் ஒட்டியதில் அதிசயமில்லை. ஆனால் முதலில் ஒட்டியது ஆணின் மேல். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் காலத்தில் ஷ்ரூ என்றால் அயோக்கியன். வாயாடிப் பெண் என்ற பொருள் பக்கத்திலேயே முளைத்து, கடைசியில் அது மட்டும் மிஞ்சியது. ஷ்ரூவிலிருந்து வந்த 'ஷ்ரூட்' இன்று பாராட்டு. 'ஷ்ரூட் பிசினஸ்மேன்' என்று சொன்னால் ஆள் மகிழ்ந்துபோவார். சாசரிடம் சொல்லியிருந்தால் பொல்லாதவன் என்று புரிந்துகொண்டு கதவைச் சாத்தியிருப்பார்.

என் விதி இரண்டே நாளில் உடைந்துவிட்டதைக் கவனித்தீர்களா? ஷ்ரூ என்ற பெயர் சாகவே இல்லை. மூஞ்சூற்றுக்கு இன்றும் அதுதான் பெயர்.

மார்ச் 19

உடைந்தது என்று நானே சொன்ன பிறகும் மூன்று பேர் வந்து உடைக்கிறார்கள். சரி, வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

1566இல், முதலாம் எலிசபெத் காலத்தில், தானியத்தைக் காப்பாற்ற ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஊர்த் தேவாலய நிர்வாகிகளும் ஊராரிடம் பணம் திரட்டி, கொன்று கொண்டுவரும் பிராணிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். நரிக்கும் 'கிரே'வுக்கும் 12 பென்னி. கிரே என்றால் பேட்ஜர். வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட குட்டிக் கரடி மாதிரி ஒன்று. முள்ளெலிக்கும் நீர்நாய்க்கும் 2 பென்னி. ஃபிட்ச்யூ, போல்கேட், வீசல் என்ற கீரி மாதிரிப் பிராணிகளுக்கு 1 பென்னி. மூன்று எலிக்கோ பன்னிரண்டு சுண்டெலிக்கோ 1 பென்னி. மண்ணுக்குள் சுரங்கம் போடும் மோலுக்கு அரை பென்னி.

முள்ளெலி தானியம் தின்னாதே, அதற்கு ஏன் 2 பென்னி? இரவில் படுத்திருக்கும் பசுவின் மடியில் வாய்வைத்துப் பால் குடிக்கும் என்று ஒரு புரளி. அந்தச் சின்ன வாயை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இந்த விலைப்பட்டியலை ஒரு கையிலும் ஷேக்ஸ்பியரை மறு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். 'ட்வெல்த் நைட்'டில் மறைந்து நின்று பார்க்கும் சர் டோபி, மால்வோலியோவை "நீ தூக்கில் தொங்க, பிராக்!" என்று சபிக்கிறார். பிராக் என்பது பேட்ஜருக்குக் கெல்டிக் மொழி கொடுத்த பழைய பெயர். 'மெர்ரி வைவ்ஸ்'இல் கிழவி வேடத்தில் இருக்கும் ஃபால்ஸ்டாஃபை அடித்து விரட்டுகிறார்கள். அப்போது விழும் வசவு மழையில் ஒரு துளி 'போல்கேட்'. 'ஒதெல்லோ'வில் காசியோ, தன்னைத் தேடி வரும் பெண்ணை "இன்னொரு ஃபிட்ச்யூ, வாசனை பூசிய ஃபிட்ச்யூ" என்கிறான். ஃபிட்ச்யூவும் போல்கேட்டும் ஒரே பிராணிதான், நாற்றத்துக்குப் பேர்போனது. மூன்றாம் ரிச்சர்டை லேடி ஆன் முகத்துக்கு நேரே 'ஹெட்ஜ்ஹாக்' என்கிறாள்.

எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே விதியைத் திருத்துகிறேன்: பெயரின் வயது முக்கியமில்லை. ஊர் எந்தப் பிராணியின் தலைக்கு விலை வைத்ததோ, அதன் பெயரால்தான் அடுத்தவனைத் திட்டியது.

மார்ச் 20

பட்டியலில் மீன்கொத்தியும் புல்ஃபின்ச் குருவியும் இருக்கின்றனவாமே, அவற்றை வைத்து யாராவது திட்டினார்களா என்று ஒருவர் கேட்கிறார். இருக்கின்றன. திட்டியதாகப் பார்த்ததில்லை. "டேய் மீன்கொத்தி" என்று ஆரம்பித்தால் சண்டை தொடராது.

மார்ச் 22

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் 'மக்பெத்' பாடம் எடுத்தவன் நான். முதல் காட்சியிலேயே சூனியக்காரி ஒருத்தி 'பேடக் கூப்பிடுகிறது' என்பாள். பேடக் என்றால் குதிரை மேயும் புல்வெளி. எனக்கு அது தெரியும், அகராதி பார்க்க வேண்டியதில்லை. "புல்வெளி அவர்களை அழைக்கிறது, இயற்கையே சூனியக்காரிகளோடு பேசுகிறது" என்று பதினொரு வருடம் பாடம் நடத்தினேன். உருக்கமாகக்கூட நடத்தினேன். பன்னிரண்டாம் வருடம், கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்கிவழியும் ஒரு மாணவன் எழுந்து, "சார், பக்கத்து வரியில கூப்பிடறது பூனை. அப்ப இதுவும் ஏதாவது மிருகமா இருக்குமோ?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து உட்காரச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் அகராதியைத் திறந்தால், பேடக் என்றால் தேரை. புல்வெளி பேடக் வேறு சொல், 'பேரக்' என்பதிலிருந்து திரிந்தது. மறுநாள் வகுப்பில் சொன்னேன். பையன் அன்று வரவில்லை.

அந்தப் பூனையின் பெயர் கிரேமால்கின். கிரே சாம்பல் நிறம், மால்கின் என்பது மாட் என்ற பெண் பெயரின் செல்லச் சுருக்கம். வீட்டு வேலைக்காரிக்கும், அழுக்கான பெண்ணுக்கும், பூனைக்கும், தரை துடைக்கும் துணிக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு பெண்ணின் பெயர் கந்தல் துணி வரை இறங்கியிருக்கிறது. இங்கே திசை தலைகீழ்: மனிதப் பெயர் பூனைக்குப் போகிறது.

மார்ச் 27

அரசியல் வசவுகள் தனி ரகம். கொடியில் விலங்குச் சின்னம் வைத்திருந்தவர்கள் எதிரிக்குத் தாங்களே கல் எடுத்துக் கொடுத்தவர்கள்.

மூன்றாம் ரிச்சர்டின் சின்னம் வெள்ளைக் காட்டுப்பன்றி. அவனுடைய நெருங்கிய ஆட்கள் கேட்ஸ்பி, ராட்கிளிஃப், லவல். லவலின் சின்னம் நாய் வகை. 1484 ஜூலையில் லண்டன் செயின்ட் பால் தேவாலயக் கதவில் யாரோ இரண்டு வரி ஒட்டிவிட்டார்கள்: பூனையும் எலியும் நாயான லவலும் ஒரு பன்றியின் கீழ் இங்கிலாந்து முழுவதையும் ஆள்கின்றன. கேட் கேட்ஸ்பி, ராட் ராட்கிளிஃப். எழுதியது வில்லியம் காலிங்போர்ன். தூக்கில் போட்டு, உயிர் போகும் முன் இறக்கி, வயிற்றைக் கிழித்து, நாலாக வெட்டினார்கள். குற்றப்பத்திரிகையில் முக்கியமாக இருந்தது ரிச்சர்டின் எதிரி ஹென்றி டியூடரோடு கடிதப் போக்குவரத்து. பாட்டுக்காக மட்டும் கொன்றார்கள் என்று யாராவது எழுதினால் பாதியை நம்புங்கள். மறு வருடமே பன்றி போஸ்வர்த் களத்தில் விழுந்தது.

இதற்கு முன்பே 1450இல் சஃபோக் பிரபுவுக்கு 'ஜாக் நேப்ஸ்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். பழக்கின குரங்கைக் கட்டிவைக்கும் சங்கிலியும் கட்டையும் அவர் சின்னம். அவரைப் படகில் வைத்துத் தலையை வெட்டிக் கரையில் எறிந்தார்கள். ஜேக்கநேப்ஸ் என்ற சொல் குரங்குக்கும் அதிகப்பிரசங்கிக்கும் பொதுவாக மிஞ்சியது.

மோலுக்கு வருகிறேன். அதன் பழைய பெயர் மோல்ட்வார்ப். மண்ணை எறிவது என்று பொருள். ஜெர்மன்காரர்கள் இன்றும் மௌல்வுர்ஃப் என்கிறார்கள். 'சபிக்கப்பட்ட மோல்ட்வார்ப் ராஜா' ஒருவன் வருவான் என்று ஒரு பழைய ஆரூடம். நான்காம் ஹென்றிக்கு எதிரானவர்கள் அது அவன்தான் என்றார்கள். பின்னால் எட்டாம் ஹென்றிக்கு ஆகாதவர்கள் இவன்தான் என்றார்கள். ஆரூடம் ஒன்று, ராஜாக்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் மோலைப் புகழ்ந்து குடித்தவர்களும் உண்டு. 1702இல் மூன்றாம் வில்லியமின் குதிரை ஒரு மோல் தள்ளிய மண்மேட்டில் கால் இடறி விழுந்தது. ராஜாவுக்குக் காறை எலும்பு முறிந்தது, சில நாளில் இறந்தார். அவருடைய எதிரிகளான ஜாக்கபைட்டுகள் அதன்பின் கோப்பையை உயர்த்தும்போதெல்லாம் 'கறுப்பு வெல்வெட் போட்ட சின்னக் கனவான்' நலமாக இருக்கட்டும் என்றார்கள். அரை பென்னித் தலைக்கு வந்த மரியாதை.

ஏப்ரல் 1

இன்றைய தேதிக்குப் பொருத்தமாக ஒன்று. ஸ்காட்லாந்தில் ஏப்ரல் ஃபூலுக்குப் பெயர் 'கௌக் வேட்டை'. கௌக் என்றால் குயில் இனத்துக் குக்கூ. முட்டாளுக்கும் அதே பெயர். ஏமாறப் போகிறவன் கையில் ஒட்டிய கடிதம் ஒன்றைக் கொடுத்து அவசரம் என்று அனுப்புவார்கள். உள்ளே இருப்பது இவ்வளவுதான்: சிரிக்காதே, முறுவலும் காட்டாதே, இன்னொரு மைல் கௌக்கை விரட்டவிடு. வாங்கிப் படிப்பவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "இது எனக்கு இல்லையப்பா, அடுத்த ஊர்க்காரருக்கு" என்று அனுப்பிவைப்பார். நம்மூர் அலுவலகங்களில் இது வருடம் முழுவதும் நடக்கிறது. என் ஓய்வூதியக் கோப்பு போன வழியும் ஏறக்குறைய இதுதான். கடிதத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.

நாம் குயிலின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவர்கள் அது அடுத்தவன் கூட்டில் முட்டையிடுவதைப் பிடித்துக்கொண்டு, மனைவியிடம் ஏமாந்தவனுக்குக் 'குக்கோல்ட்' என்று பெயர் வைத்தார்கள். முட்டையிட்டது குக்கூ, பெயர் சுமப்பது ஏமாந்தவன். நியாயமே இல்லை.

'கல்' என்ற வசவும் இந்தக் கூட்டில்தான் இருக்கிறது. நம் கல் அல்ல, கல்லிபிளுக்குள் இருக்கும் கல். ஏமாளி என்று பொருள். கடற்பறவை கல்லிலிருந்து வந்தது என்று நானே ஒரு காலத்தில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதைச் சொன்னவர்களும் உண்டு. இப்போது எனக்கு அது சரியாகப் படவில்லை. சிறகு முளைக்காத எந்தக் குஞ்சுக்கும் கல் என்று பெயர் இருந்தது. ஷேக்ஸ்பியரே குக்கூவின் குஞ்சை 'கல்' என்கிறார். கொடுத்ததை எல்லாம் வாயைத் திறந்து விழுங்கும் குஞ்சுதான் ஏமாளிக்குப் பொருத்தம். கடற்பறவையோ உங்கள் கையில் இருக்கும் சிப்ஸைப் பறித்துக்கொண்டு போகும். அது ஏமாளி இல்லை, நாம்தான்.

ஏப்ரல் 2

ஜேட் என்ற வசவும் பச்சைக்கல் ஜேடும் ஒரே சொல்லா என்று கேட்கிறார்கள். இல்லை. கிழட்டுக் குதிரைக்கும் அதைச் சொல்லித் திட்டப்பட்ட பெண்ணுக்குமான 'ஜேட்' வேறு, பச்சைக்கல் ஜேட் வேறு. பச்சைக்கல்லின் பெயர் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. இடுப்பு வலிக்கு அந்தக் கல் நல்லது என்று நம்பியதால் வந்த பெயர். அலுத்துப்போன என்ற பொருளில் 'ஜேடட்' என்கிறோமே, அது குதிரை.

ஏப்ரல் 9

முயலைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு சகோதரி வேதாகம வசனத்தோடு வந்திருக்கிறார். நல்ல கேள்வி. "தமிழ் பைபிளில் சங்கீதம் 104இல் 'கன்மலைகள் குழிமுசல்களுக்கும் அடைக்கலம்' என்று வருகிறது. முயல் எப்படிப் பாறையில் வாழும்?"

வாழாது. எபிரேய மூலத்தில் இருப்பது சாஃபான். பாறை இடுக்கில் வாழும் ஹைராக்ஸ் என்ற பிராணி. முயல் அளவுதான் இருக்கும், ஆனால் முயல் இல்லை. ஹைராக்ஸை ஐரோப்பாவில் பார்த்தவர் யார்? லூத்தர் ஜெர்மனில் வளைமுயல் ஆக்கினார். 1611இன் ஆங்கில பைபிள் 'கோனி' என்றது. தமிழிலும் குழி தோண்டும் முசல் வந்து உட்கார்ந்துவிட்டது.

கோனி என்பது வளர்ந்த வளைமுயலுக்குப் பழைய பெயர். ரேபிட் என்றால் அதன் குட்டி மட்டும். இன்று பெரியதும் ரேபிட், சின்னதும் ரேபிட். கோனி எங்கே போயிற்று? உச்சரிப்பில் போயிற்று. ஹனி மாதிரி 'கனி' என்றுதான் முதலில் சொன்னார்கள். பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல் ஒன்று அதே ஒலியில் இருந்தது. கோயிலில் பாதிரியார் அந்த வசனத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டுமே! எழுத்தைப் பார்த்து 'கோனி' என்று நீட்டினார்கள். அன்றாடப் பேச்சில் குட்டியின் பெயரையே தாய்க்கும் வைத்துத் தப்பித்தார்கள். வெட்கத்தால் செத்த பெயர் இது.

சாகும் முன் இன்னொரு வேலை பார்த்தது. 1591, 92இல் ராபர்ட் கிரீன் லண்டன் மோசடிகளைப் பற்றி வரிசையாகச் சிறு நூல்கள் போட்டார். மோசடிக்காரன் 'கோனி பிடிப்பவன்', ஏமாறுகிறவன் 'கோனி'. கிராமத்திலிருந்து பணப்பையோடு வருகிறவனைத் தெருவில் பேச்சுக் கொடுத்துப் பழகுகிறவன் ஒருவன், மதுக்கடைக்குள் இழுத்துச் சீட்டாட உட்காரவைப்பவன் ஒருவன், தற்செயலாக வந்தது போல வந்து ஆட்டத்தில் சேர்கிறவன் ஒருவன். இந்த மூன்றாமவனுக்குப் பெயர் 'பார்னக்கிள்', அதுவும் ஒரு வாத்தின் பெயர். அந்த மூன்று பேரையும் நான் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்து ராணியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது வயது 19, போனது 40 ரூபாய். கொஞ்சம் தள்ளி நின்றவன் தன் கூட்டாளியிடம், "ஆடு சிக்கிருச்சு" என்றது இப்போதும் காதில் இருக்கிறது. லண்டனில் முயல், எங்கள் ஊரில் ஆடு.

இப்போது என் விலைப்பட்டியல் கொள்கைக்கு இரண்டாவது அடி. கோனிக்கு யாரும் ஒழிப்பு விலை வைக்கவில்லை. அது இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கப்பட்டது. ஏமாளிப் பெயர்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கோனி, வுட்காக், டாட்டரெல், கட்ஜன் மீன். வுட்காக் கண்ணியில் எளிதில் மாட்டும், டாட்டரெல் பக்கத்தில் போனாலும் பறக்காது, கட்ஜன் எந்தப் புழுவையும் கவ்வும். எல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு வருபவை. திருடன், நாறுகிறவன், பொல்லாதவன் என்று திட்ட விலைப்பட்டியல். முட்டாள் என்று திட்டச் சமையலறை. இப்படிச் சொன்னால் ஏறக்குறைய நிற்கிறது.

ஏப்ரல் 10

ஜேட், ஹாக் எல்லாம் எதில் சேரும் என்கிறீர்கள். லாயத்தில். வாடகைக் குதிரை 'ஹாக்னி'. அதைச் சுருக்கினால் கூலிக்கு எழுதும் எழுத்தாளன் 'ஹாக்'. பழக்கத்துக்கு மசியாத காட்டு வல்லூறு 'ஹாகர்ட்'. ஒதெல்லோ தன் மனைவியைச் சந்தேகிக்கும்போது எடுக்கும் சொல். கேட்டபடி வேலை செய்யாத பிராணியின் பெயர் பெண்டாட்டிக்கும் வேலைக்காரனுக்கும். இதற்கு மேல் வகை பிரிக்க மாட்டேன், விலங்கியல் பாடமாகிவிடும்.

ஏப்ரல் 20

பேருந்தில் தோன்றியது. நாம் ஏன் பழைய பெயரை வைத்துத் திட்டுவதில்லை? நாயே என்கிறோம், 'ஞமலியே' என்பதில்லை. எருமை என்கிறோம், 'மேதி மாதிரி நிக்கிறான் பாரு' என்றால் வாழ்த்து போல இருக்கிறது. பன்றி என்பதற்குப் பதிலாக 'போடா கேழல்' என்று யாரையாவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டாலும் கும்பிடுவார். நம் பழைய பெயர்கள் பாட்டுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஆங்கிலத்தின் பழைய பெயர்கள் சாக்கடைக்கு இறங்கின.

ஏப்ரல் 21

அவசரப்பட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் தப்பு.

ஆங்கிலத்திலும் பாட்டுக்குப் போனவை உண்டு: பாடும் த்ரஷ் பறவைக்கு மேவிஸ், ராபினுக்கு ரடாக். இவற்றை வைத்து யாரும் யாரையும் திட்டவில்லை.

தமிழ்ப் பக்கத்துத் தப்பை மதுரைக்காரர் ஒருவர் ஒரே வரியில் காட்டினார்: "கடுவன் பூனை?" தலையில் அடித்துக்கொண்டேன். சங்கப் பாட்டில் கடுவன் ஆண் குரங்கு. மந்தியோடு மலைச்சாரலில் திரிவது. இன்று வீட்டில் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கும் ஆம்பளைக்குத்தான் 'கடுவன் பூனை'. என் மனைவி இதை வாசித்துவிட்டு, "இதுக்கு மதுரையிலேர்ந்து ஆள் வரணுமா?" என்றாள்.

இதைவிட வேடிக்கை, இதற்கு ஆங்கிலத்தில் அச்சு அசலாக ஒன்று இருக்கிறது. 'கிப் கேட்'. கிப் என்பது கில்பர்ட் என்ற பெயரின் சுருக்கம், கிழட்டு ஆண் பூனைக்குப் பெயர். "கிப் பூனை போல மனம் சோர்ந்திருக்கிறேன்" என்று ஃபால்ஸ்டாஃப் புலம்புகிறான். அங்கே சோர்வு, இங்கே சிடுசிடுப்பு, பூனை ஒன்றுதான்.

மே 11

மகள் வீட்டுக்கு நாரிச் வந்திருக்கிறேன். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், நார்ஃபோக். இரண்டு மாதம் இருப்பேன். பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மையார் ஒருவர், இந்த ஊரிலேயே பிறந்தவர். முதல் நாளே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, தன் கீரைச் செடிகளை 'டாட்மன்' தின்றுவிட்டதாகப் புகார் சொன்னார். யாரோ அக்கம்பக்கத்து ஆள் என்று நினைத்து, "போலீசில் சொன்னீர்களா?" என்றேன். நத்தை! நார்ஃபோக்கில் நத்தைக்கு டாட்மன். இதன் உறவுக்காரச் சொல் 'ஹாடி டாடி'. அது நத்தைக்கும் குண்டான குட்டை மனிதருக்கும் பொது.

ஆற்றங்கரையில் ஒற்றைக் காலில் நின்ற சாம்பல் நாரையை அவர் 'ஹார்ன்சர்' என்றபோது நான் உண்மையாகவே நடையை நிறுத்திவிட்டேன். ஹாம்லெட் சொல்வானே, தெற்குக் காற்று அடிக்கும்போது எனக்குப் பருந்துக்கும் 'ஹேண்ட்சா'வுக்கும் வித்தியாசம் தெரியும் என்று? ஹேண்ட்சா என்றால் கைரம்பம். பருந்தையும் ரம்பத்தையும் யார் குழப்பிக்கொள்வார்கள்? நாரையின் பழைய பெயர் 'ஹெர்ன்ஷா' திரிந்து ஹேண்ட்சா ஆனது என்பது ஒரு விளக்கம். மறு கட்சிக்காரர்கள் அந்த வரியில் பருந்துக்கு வரும் 'ஹாக்' (hawk) என்ற சொல்லே பருந்து இல்லை, கொத்தனார் சாந்தை ஏந்தும் பலகை, ஆகவே இரண்டும் கருவிகள்தான் என்பார்கள். வகுப்பில் இரண்டையும் சொல்லிவிட்டு, இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும் என்பேன். இன்று கரையில் நின்றுகொண்டு கட்சி மாறிவிட்டேன். அந்த அம்மையாருக்கு ஹாம்லெட்டைப் பற்றி அக்கறையில்லை. "என் அப்பா அப்படித்தான் சொல்வார்" என்றார்.

மே 14

மழை. வெளியே போக முடியவில்லை, அதனால் பாக்கி இருந்த இரண்டு பூச்சிகள்.

எறும்புக்குப் பழைய பெயர் பிஸ்மையர். பின்பாதி எறும்பு, முன்பாதி மூத்திரம். புற்றைக் கிளறினால் வரும் புளித்த நெடிதான் காரணம். ஜான் ரே 1671இல் எறும்புகளைக் காய்ச்சி வடித்து ஒரு அமிலம் எடுத்ததைப் பதிவு செய்தார்; ஃபார்மிக் அமிலம் என்று பள்ளியில் படித்தோமே, அது. அதற்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் முன்பே சாசரின் ஒரு பாத்திரம் பிஸ்மையர் போலக் கோபப்படுகிறான். அற்பனுக்கும் அது வசவு. எறும்புக்கு இன்னொரு பழைய பெயர் எம்மெட். கார்ன்வாலில் கோடைக்குக் கூட்டமாக வந்து வழியை அடைக்கும் சுற்றுலாக்காரர்களை இப்போதும் எம்மெட் என்கிறார்கள்.

சிலந்திக்கு அட்டர்காப். அட்டர் என்றால் விஷம். விஷம் கக்கும் சிடுமூஞ்சிக்கும் அதே பெயர். 1937இல் டோல்கினின் 'ஹாபிட்'டில் பில்போ காட்டுச் சிலந்திகளை அந்தப் பெயர் சொல்லிப் பாடியே கோபமூட்டுகிறான். மனிதனைத் திட்டிய சொல்லை எடுத்துச் சிலந்தியையே திட்டுவது! சிலந்திக்கும் ரோஷம் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் பேராசிரியராக இருந்தவருக்குத்தான் இப்படி விளையாடத் தோன்றும்.

இந்த இரண்டும் விலைப்பட்டியலிலும் இல்லை, சமையலறையிலும் இல்லை, லாயத்திலும் இல்லை. தெரியும். யாரும் எழுத வேண்டாம்.

மே 19

நேற்று இரவு பத்து மணி. பேத்தி ஜன்னலோரம் ஓடிவந்து, சத்தம் போடாதே என்று என் வாயைப் பொத்தினாள். தோட்டத்து விளக்கு வெளிச்சத்தில் ஒரு முள்ளெலி. எங்கள் ஊர்த் தேரிக் காட்டில் சின்ன வயதில் பார்த்ததைவிடப் பெரியது, பழுப்பாக, ஈரமாக. மூக்கை ஆட்டிக்கொண்டு புல்லோரமாக வந்தது. தொட்டியின் அடியில் ஒரு நத்தை. முள்ளெலி அதை முகர்ந்தது, ஒருமுறை புரட்டியது, அப்புறம் கடித்தது. ஓடு நொறுங்கிய சத்தம் கண்ணாடி வழியாகவே கேட்டது, அப்பளம் மாதிரி. பேத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டாள், ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

காலையில் வேலியோரம் பக்கத்து வீட்டு அம்மையார் நின்றார். படித்ததை எல்லாம் காட்டிவிடும் ஆசையில், நேற்று ராத்திரி எங்கள் தோட்டத்தில் ஒரு அர்ச்சின் உங்கள் டாட்மனைத் தின்றுவிட்டது என்றேன்.

அவர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"யார் வீட்டுப் பையன்?" என்றார். "பச்சையாகவா?"